மியூனிக்கில் ஜெயித்து முச்சந்தியில் தோற்ற கதை

செட்டிநாட்டுக்குக் கணக்கெழுதச் சொல்லிக்கொடுக்க வெளியூர் ஆள் வேண்டியதில்லை. கல்யாணத்தில் வந்த வெண்கல அண்டா எத்தனை, எவர்சில்வர் தூக்கு எத்தனை, எந்த மாமன் எவ்வளவு மொய் வைத்தார் என்பதெல்லாம் இங்கே ஏட்டில் ஏறும். பேரேடு, ஐந்தொகை, இசைகுடிமானம், மொய்ப்பணக் குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் ஒழுங்கு. ரங்கூனில் கொடுத்த கடனுக்குக் காரைக்குடி இரும்புப் பெட்டியில் காகிதம் இருந்தது. பர்மாவில் சொத்து போனபோதுகூட அதன் கணக்கு போகவில்லை.

இத்தனை எழுதிய நாட்டில் ஒன்றை மட்டும் எழுதும் வழக்கமே இல்லை. கண்மாய்ப் பாசன வயலில் நெல்லுக்குப் பூசணம் விழுந்தால் எந்த இலையை இடித்தார்கள், எவ்வளவு தண்ணீரில் ஊறவைத்தார்கள், எந்த வேளையில் தெளித்தார்கள், பயிர் பிழைத்ததா போனதா என்பதற்குப் பேரேடு கிடையாது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பேரேடு இருந்த வீட்டிலிருந்து யாரும் சேற்றில் இறங்கவில்லை. சேற்றில் இறங்கியவர் கையில் பேரேடு இல்லை. வாரமாக வந்த நெல் எத்தனை மூட்டை என்பது மட்டும் ஏட்டுக்கு வந்தது. அந்த நெல்லைக் காப்பாற்றிய அறிவு களத்து மேட்டிலேயே நின்றுவிட்டது.

இன்றைக்கு அந்த அறிவுக்குத்தான் மேடை மேடையாகப் பொன்னாடை. கல்யாண மண்டபத்தைக் குளிரூட்டி, வாசலில் வாழை கட்டி, பிளாஸ்டிக் பேனரில் வேப்பிலைப் படம் போட்டு, ‘இயற்கை வேளாண் கருத்தரங்கு’ நடத்துகிறார்கள். பேச வருகிறவர் மைக்கைப் பிடித்ததும் சொல்லும் முதல் வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. சரி, அவர்கள் அல்ல.

இரண்டாவது வாக்கியம் வேம்பு வழக்கு. வேம்பை வெள்ளைக்காரன் திருடப் பார்த்தான், நாம் போய் மீட்டு வந்தோம் என்று கைதட்டல் வாங்குவார்கள். அந்த வழக்கு உண்மை. ஆனால் அதில் ஜெயித்தது யார், எதை வைத்து ஜெயித்தார் என்று மேடையில் சொல்வதில்லை. சொன்னால் கைதட்டல் குறையும்.

டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியும் அமெரிக்க அரசின் வேளாண் துறையும் சேர்ந்து ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் வாங்கிய காப்புரிமை அது. எண் 0436257, வழங்கப்பட்டது 1994-ல். வேப்பமரத்தையே யாரும் பட்டா போட்டுக்கொள்ளவில்லை. பிரித்தெடுத்த வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறை ஒன்றுக்குத்தான் உரிமை கேட்டார்கள். அதாவது நம் வயலில் குலை நோயும் சாம்பல் நோயும் வரும்போது செய்ய வேண்டிய அதே காரியம். வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வூட், உலக இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த லிண்டா புல்லார்டு என்று மூன்று பெண்கள் 1995-ல் எதிர்மனு போட்டார்கள். 2000 மே 10 அன்று மியூனிக்கில் காப்புரிமை ரத்தானது. கிரேஸ் மேல்முறையீட்டுக்குப் போக, 2005 மார்ச் 8 அன்று அதுவும் தள்ளுபடியானது. பத்து வருட வழக்கு.

அந்த வழக்கில் பெரிய ஆயுதமாக நின்றது வேதமும் அல்ல, ஓலைச்சுவடியும் அல்ல. அபய் பாட்கே என்ற இந்தியத் தொழில்முனைவர், 1985, 86 ஆண்டுகளில் புனே, சாங்லி மாவட்ட வயல்களில் வேப்பெண்ணெய்ச் சாற்றை அடித்துப் பார்த்திருந்தார். பார்த்ததோடு விடவில்லை, சாட்சி சொல்லும் அளவுக்கு ஆதாரம் வைத்திருந்தார். ‘ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’ என்று சொன்னால் ஐரோப்பிய அதிகாரி கொட்டாவி விடுவார். ‘இந்த வருடம், இந்த வயல், இந்த அளவு’ என்றால் பேனாவை எடுப்பார். மேடைப் பேச்சாளர்களே, உங்கள் வேம்பை மீட்டது உங்கள் முன்னோர் பெருமை அல்ல. பதிவு வைத்த ஒரு மனிதர்.

அதிலிருந்து நாடு கற்ற பாடத்தையும் பார்க்க வேண்டும். பாரம்பரிய அறிவுக்கு மின்னூலகம் ஒன்றை 2001-ல் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவம், யோகா எல்லாம் அதில் ஏறின. வயல் மருந்துக்கு அங்கே தனி அறை கிடையாது. இருப்பதையும் வெகுகாலம் காப்புரிமை அதிகாரிகள் மட்டும் பார்க்கலாம் என்று பூட்டி வைத்திருந்தார்கள். 2022-ல் மத்திய அமைச்சரவை கதவைத் திறக்க மனம் இரங்கியது. எப்படி? சந்தா கட்டினால். ஆச்சி சொன்ன வைத்தியத்தைப் பேரன் பார்க்க வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வரிசையில் வரலாம்.

மியூனிக் அப்படியிருக்க, நம் ஊர் முச்சந்திக்கு வருவோம். அங்கே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்க வேண்டாம், எல்லா ஊரிலும் இருக்கிறது. மார்கழிப் பனி இறங்கியதும் அங்கே நடக்கிற பேச்சு இதுதான்.

“அண்ணே, தோகையெல்லாம் கண்ணு கண்ணாப் புள்ளி விழுந்து கருகிக்கிட்டே வருது.”

“எத்தனை ஏக்கர்?”

“ஒண்ணரை.”

“பூஞ்சாணத்துக்கு இது ஒண்ணு. புழுவுக்கு இது ஒண்ணு. பயிர் அசந்திருக்கும், இந்த டானிக்கையும் சேர்த்துக்க. டேங்குக்கு ஒரு மூடி.”

“எல்லாத்தையும் ஒண்ணாவாண்ணே?”

“தனித்தனியா அடிச்சா ஆள் கூலி யாரு குடுக்குறது?”

வைத்தியம் முடிந்தது. பயிரை யாரும் பார்க்கவில்லை, புழு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். ராத்திரி எட்டு மணிக்கும் அவர் கடையில் இருக்கிறார். அறுப்புக்குப் பிறகு தரலாம் என்று கடன் சொல்கிறார். விவசாயியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வேளாண் உதவி அலுவலரோ நாலைந்து பஞ்சாயத்துக்கு ஒரு ஆளாக, மானியப் பட்டியலைக் கைபேசியில் ஏற்றியே கண் பூத்துப் போயிருக்கிறார். வயலுக்கு வர அவருக்கு நேரம் கொடுக்காத அரசாங்கம்தான் அந்தக் கடைக்காரருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

அதே கடையில் இன்னொரு தட்டு உண்டு. பச்சை மூடி, பச்சை லேபிள், இலைப் படம், ‘ஹெர்பல்’, ‘ஆர்கானிக்’, ‘பயோ’. இயற்கையை நம்பி வருகிறவருக்கான தட்டு அது. உள்ளே என்ன இருக்கிறது என்பது பாட்டில் அடைத்தவருக்கும் ஆண்டவனுக்கும் தெரியும். நான் மிகையாகச் சொல்லவில்லை. பயோ ஸ்டிமுலன்ட் என்கிற பயிர் ஊக்கிகளில் சுமார் 30,000 பொருள்கள் கேட்பாரின்றி ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தன என்று 2025 ஜூலையில் சொன்னவர் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான். கடுமை காட்டிய பிறகு அது ஏறக்குறைய 650 ஆகிவிட்டதாம். அப்படியானால் மீதி 29,000-த்துச் சொச்சத்தை இத்தனை காலம் காசு கொடுத்து வாங்கி வயலில் ஊற்றியது யார்? அந்தக் காசை யார் திருப்பித் தருவார்? இந்தக் கேள்விக்கு அந்த அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

ஆனால் சட்டம் தூங்குவதாக நினைக்காதீர்கள், ஆளைப் பார்த்து விழித்துக்கொள்ளும். கல்லல் பக்கம் நாலு பெண்கள் சேர்ந்து நொச்சி இலையையும் வேப்பம் பருப்பையும் இடித்துச் சாறெடுத்து, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் என்று எழுதி ஒட்டி விற்றால், 1968-ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டம் உடனே கண்ணைத் திறக்கும். பதிவு எங்கே? நச்சுத்தன்மை ஆய்வு எங்கே? எத்தனை மாதம் கெடாது என்ற சான்று எங்கே? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். விஷம் விற்கிறவரிடம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அந்தச் சோதனைகளுக்கான செலவைப் பெரிய கம்பெனி தாங்கும்; மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு தாங்காது. அவர்களுக்காக அந்தச் சோதனைகளைச் செய்து கொடுக்க வேண்டியது யார்? வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கூடங்கள் வேறு எதற்கு இருக்கின்றன?

ஆய்வுக்கூடம் என்றதும் ஞாபகம் வருகிறது. பூஞ்சையைக் கொல்வதில் நம் பல்கலைக்கழகங்கள் யாருக்கும் சளைத்தவை அல்ல. வட்டக் கண்ணாடித் தட்டில், உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கடற்பாசிக் கூழும் கலந்த ஊடகத்தில் பூஞ்சையைச் சொகுசாக வளர்த்து, துளசிச் சாறு விட்டு, நொச்சிச் சாறு விட்டு, பூண்டுச் சாறு விட்டு, எத்தனை மில்லிமீட்டர் வளராமல் நின்றது என்று அளந்து, முனைவர் பட்டம் வாங்கிவிடுவார்கள். அடுத்த மாணவர் அதே தட்டில் ஆடாதொடை. அதற்கடுத்தவர் ஊமத்தை. இந்தத் தட்டுகளை அடுக்கினால் பிரான்மலை உயரத்துக்கு வரும். வயல் மட்டும் அந்தத் தட்டுக்குள் இல்லை. வயலில் வெயில் உண்டு, மழை உண்டு, இரவெல்லாம் தோகையில் நிற்கும் பனித்தண்ணீர் உண்டு. மெத்தனாலில் இறக்கிய சாறு மேஜையில் காட்டிய வீரத்தை மேட்டு வயலில் காட்டுமா என்று பார்க்க ஒரு பருவமாவது சேற்றில் நிற்க வேண்டும். அதற்குப் பட்டம் தாமதமாகும்.

பார்க்கப் பொறுமை இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐரோப்பாவின் பைன் காடுகளில், மண்ணில் புதைந்த பைன் காயின் மேல் ஒரு சின்னக் காளான் முளைக்கும். பக்கத்தில் வேறு பூஞ்சை அண்டாமல் அது ஒரு பொருளைச் சுரக்கிறது. ஜெர்மனியில் ஆன்கே, ஸ்டெக்லிஷ் என்ற இரண்டு அறிவியலாளர்களின் குழுக்கள் 1977-ல் அதைப் பிரித்து ஸ்ட்ரோபிலுரின் என்று பெயரிட்டன. வெயில் பட்டால் அது சிதைந்துவிடும். நம் வேம்புக்கும் அதே குறைதான். கம்பெனி வேதியியலாளர்கள் உட்கார்ந்து மூலக்கூறை மாற்றி மாற்றிப் பார்த்து, வெயிலைத் தாங்கும் அசாக்ஸிஸ்ட்ரோபினைச் செய்தார்கள். 1996-ல் கடைக்கு வந்தது. இன்றைக்கு இளையான்குடி மிளகாய்க்காரர் பழ அழுகலுக்கு வாங்கும் பாட்டில்களில் அதுவும் ஒன்று. மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் ஆகாத மருந்து என்பது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, ஒரு காளானைக் கண்டால் அவர்கள் கையில் குறிப்பேட்டை எடுக்கிறார்கள். நாம் மாலையை எடுக்கிறோம்.

மாலை எடுப்பவர்களில் இன்னொரு வகையினர் உண்டு. இயற்கையானது எல்லாம் நல்லது என்ற சித்தாந்திகள். யூடியூபில் பத்து நிமிடத்தில் எல்லா நோய்க்கும் ஒரே கரைசல் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு தகவல். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை சுரந்த அஃப்ளடாக்சின். அதுவும் நூற்றுக்கு நூறு இயற்கைப் பொருள்தான். ஈரத்தோடு கட்டிப்போட்ட நம் கடலை மூட்டையிலும் அது வரும், ஈரலைக் கெடுக்கும். இயற்கைக்கு நம்மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது.

சரி, நல்ல பரிந்துரையே இல்லையா? இருக்கிறது. அங்கேதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பரிந்துரையைப் புரட்டிப் பாருங்கள். நெல்லில் இலையுறைக் கருகலுக்கு எக்டேருக்கு 150 கிலோ வேப்பம் புண்ணாக்கு, நோய் தலைகாட்டியதும் 3 சதவீத வேப்பெண்ணெய். இலையுறை அழுகலுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. அதே இடத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக் கருவேலம். இவற்றில் ஏதாவது ஒன்றின் இலைப்பொடி எக்டேருக்கு 25 கிலோ, சாறெடுத்து, கண்ணாடி இலைப் பருவத்தில் ஒரு தடவை, 15 நாள் கழித்து மறு தடவை.

சிவகங்கைச் சீமைக்காரர்கள் இந்தப் பெயர்களைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா? இந்த மாவட்டத்தின் கண்மாய்களில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, இந்த இரண்டும் இருக்கும். ஒன்று உள்வாயில், ஒன்று கரையில், சில இடத்தில் இரண்டும் கலந்து. சீமைக் கருவேலத்தை வேரோடு அழிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் தென்மாவட்டங்களையே முடுக்கிவிட்டது. பிறகு அதே ஆண்டில் அந்த வேட்டைக்குத் தடையும் வந்தது. நீதிமன்றம், கலெக்டர், பொதுப்பணித் துறை, பஞ்சாயத்து, பொக்லைன் என்று இத்தனை பேர் துரத்திய செடி, வேளாண் பல்கலைக்கழகப் புத்தகத்தில் மருந்தாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு துறை காசு கொடுத்து வெட்டச் சொல்கிறது. இன்னொரு துறை 25 கிலோ அரைக்கச் சொல்கிறது. இரண்டு துறையும் ஒரே வளாகத்தில், ஒரே வேப்பமர நிழலில் ஜீப்பை நிறுத்துகின்றன. ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதில்லை. மரம் மூட்டத்தில் வெந்து கரியாகி லாரி ஏறிப் போகிறது, இலை சருகாகி அங்கேயே கிடக்கிறது, பக்கத்து வயலில் கதிர் பொதியிலேயே அழுகுகிறது, வயல்காரர் கடைக்குப் போய் பச்சை மூடி பாட்டில் வாங்குகிறார்.

அந்த இலைச்சாறு அற்புதம் செய்யும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. முற்றிய நோயை அது திருப்பாது, வேம்பும் திருப்பாது. வரும்முன் அடித்தால் தடுக்கும், வந்த புதிதில் அடித்தால் தணிக்கும். எவ்வளவு தணிக்கும், இந்த மண்ணில், இந்தப் பனியில், பி.பி.டி. 5204 மாதிரி குலை நோய்க்குச் சுலபமாகத் தலைகொடுக்கும் ரகத்தில்? இதை ஊருக்கு ஊர் அடித்துக் காட்டிச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசு வேளாண் கல்லூரியும் வந்துவிட்டது. புத்தகத்துக்கும் வரப்புக்கும் நடுவே இருக்கிற தூரத்தை மட்டும் யாரும் டெண்டர் விடவில்லை.

செலவில்லாத மருந்து என்று சொல்கிறார்களே, அந்தப் பொய்யையும் தொட்டுவிட வேண்டும். வேப்பங்கொட்டைச் சாறு எப்படித் தயாராகிறது? ஆனி, ஆடி வெயிலில் மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்க வேண்டும். சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் காயவைத்து, ஓடு நீக்கிப் பருப்பெடுக்க வேண்டும். 5 கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டு, விடிந்ததும் பிழிந்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு இதுபோல் இரண்டு மடங்கு. இதில் பொறுக்குவது, கழுவுவது, காயவைப்பது, ஓடு நீக்குவது, இடிப்பது எல்லாம் யார்? வீட்டுப் பெண்கள். மேடையில் மீசை முறுக்கிக்கொண்டு ‘ஜீரோ செலவு’ என்று சொல்பவர் ஒரு கிலோ பருப்பாவது இடித்திருப்பாரா? அந்த அத்தையின் முதுகு வலிக்கு அவருடைய கணக்கில் ஜீரோ என்று பெயர். பேரேட்டுக்காரர்கள் அன்று செய்ததையே பசுமைக்காரர்கள் இன்று செய்கிறார்கள்.

அதனால்தான் இந்தப் பக்கத்து அம்மாக்கள் வேப்பமுத்தை இடிக்காமல், சாக்கில் கட்டி யாவாரியிடம் போட்டுவிட்டுக் கையில் காசு வாங்கிக்கொள்கிறார்கள். அறிவாளிகள். முத்து ஆலைக்குப் போகிறது, எண்ணெயாகிறது. அதில் ஒரு பங்கு பாட்டிலில் ஏறி, ‘1500 பி.பி.எம்.’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, எடைபோட்ட விலைக்குச் சம்பந்தமே இல்லாத விலையில் அதே ஊருக்கு டவுன் பஸ் ஏறி வருகிறது.

இன்னொரு பங்கு யூரியாவுக்குப் போகிறது. 2015-லிருந்து நாட்டில் செய்யும் யூரியா முழுக்க வேம்பு பூசியதாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். நல்ல காரியம்தான். தழைச்சத்து மெதுவாக இறங்கும், யூரியா பால் கலப்படத்துக்கும் ஆலைகளுக்கும் போவது குறையும் என்று சொன்னார்கள். அந்தப் பூச்சு எவ்வளவு? எண்ணெய் குறைந்தது 0.035 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. 266 ரூபாய் 50 காசு விலையுள்ள 45 கிலோ மூட்டையில் சுமார் 16 கிராம். நம் நெல் வயல்களில் பலவற்றுக்கு இன்றைக்கு வேம்போடு இருக்கிற உறவு அந்த 16 கிராம்தான். அதிலும் வேடிக்கை, குலை நோயை விருந்து வைத்துக் கூப்பிடுவதே அளவு மீறிப் போட்ட யூரியாதான். பூஞ்சையைத் தடுக்கும் மரத்தின் எண்ணெயைப் பூசிக்கொண்டு பூஞ்சைக்கு வழிகாட்டுகிறது மூட்டை.

மாநில அரசும் சும்மா இல்லை. 2024-25 வேளாண் பட்ஜெட்டில் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று 206 கோடி ரூபாய்த் திட்டம். எதுகை மோனையில் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அதில் 10 லட்சம் வேப்பங்கன்று உண்டு, ஆடாதொடையும் நொச்சியும்கூட உண்டு. கன்று கொடுப்பது புண்ணியம்தான். ஆனால் மரம் காய்க்க வருடங்கள் ஆகும். காய்த்துக்கொண்டு நிற்கிற மரத்தின் முத்தை உடைக்க ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு உடைப்பு இயந்திரமும் ஒரு செக்கும் கொடுத்தால் அடுத்த ஆடியிலேயே எண்ணெய் வரும். கன்று நடுவதைப் போட்டோ எடுக்கலாம். செக்கு ஆடுவதை யார் போட்டோ எடுப்பார்?

டெல்லிக்கு வருவோம், அங்கே கதை இன்னும் சுத்தம். அனுபம் வர்மா தலைமையில் 2013-ல் அமைத்த குழு, பிற நாடுகளில் தடையான, கட்டுப்படுத்தப்பட்ட 66 மருந்துகளைப் பரிசீலித்தது. அதன் தொடர்ச்சியாக 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்யப்போவதாக மத்திய அரசு வரைவு வெளியிட்டது. பூஞ்சைக்கொல்லிகளே அதில் ஒரு பட்டாளம். கார்பன்டாசிம், மான்கோசெப், காப்டான், தைரம், ஜினெப், ஜிரம். ஆட்சேபம் சொல்லக் கால அவகாசம் கொடுத்தார்கள், நீட்டித்தார்கள், குழு போட்டார்கள், அந்தக் குழுவைப் பார்க்க இன்னொரு குழு போட்டார்கள். 2023-ல் இறுதி ஆணை வந்தபோது 27 எங்கே போயிற்று? டைகோஃபால், டைனோகாப், மெத்தோமில், ஒரு வகை மோனோகுரோட்டோபாஸ். நான்கு. மான்கோசெப்பை 2020 டிசம்பரிலேயே கைவிட முடிவெடுத்தது ஐரோப்பிய ஒன்றியம். நமக்கு அது இன்றும் ஒரு டேங்குக்கு ஒரு பிடி.

ஐரோப்பியர் தங்கள் வயிற்றை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இன்னொன்று. குலை நோய்க்கு நாம் அடிக்கும் டிரைசைக்ளசோல், 2018 முதல் அங்கே இறங்கும் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைக் கேட்டதும் பஞ்சாபில் அதிகாரிகள் ஓடினார்கள், பாஸ்மதிக்கு அதை அடிக்காதே என்று கடைகளைக் கட்டுப்படுத்தினார்கள். ஏற்றுமதி நின்றுவிடுமே! நல்லது. அதே ஓட்டத்தை, ரேஷனில் வாங்கிச் சாப்பிடுகிற அரிசிக்காக யாராவது ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஜெர்மன்காரர் குடலுக்கு ஒரு அளவுகோல், சாக்கோட்டைக்காரர் குடலுக்கு ஒரு அளவுகோல். நம் குடல் உள்நாட்டுத் தயாரிப்பு, ஏற்றுமதித் தரம் தேவையில்லை.

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு வழிதான் தோன்றுகிறது. கிரேஸ் கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுவோம். பாவம், அவர்கள் 2001-ல் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகள் நெருக்கித் திவால் மனு போட்டு, 2014-ல்தான் கரையேறினார்கள். அது வேப்பமரத்தின் சாபம் என்று நம் பேச்சாளர்களில் யாரும் இதுவரை கண்டுபிடிக்காதது ஆச்சரியம். கடிதத்தில் இப்படி எழுதலாம்: ஐயா, தெரியாமல் ஜெயித்துவிட்டோம். இலவசமாகக் கிடைக்கிற எதையும் மதித்துப் பழக்கமில்லை. தயவுசெய்து வேம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சீமைக் கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் கண்மாயாவது சுத்தமாகும். வெள்ளிப் பாட்டிலில் அடைத்து, வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவர் படத்தை ஒட்டி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் விலை போட்டு அனுப்புங்கள். உடனே அதற்கு மானியம் அறிவிப்போம். அமைச்சர் தொடங்கி வைப்பார். கடையில் முதல் தட்டில் நிற்கும். எங்கள் ஆளும் நம்பி அடிப்பார்.

கடிதம் எழுத மனமில்லையா? அப்படியானால் வேலை ஒன்று இருக்கிறது, சின்ன வேலை. சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் என்று ஒன்றியத்துக்கு ஒரு கண்மாய்ப் பாசன வயலில் 20 சென்ட் எடுத்துக்கொள்ளலாம். அதில் நாலு பாத்தி. ஒன்றில் வேப்பங்கொட்டைச் சாறு, ஒன்றில் கருவேல இலைப்பொடி, ஒன்றில் கடைக்காரர் சொன்ன கலவை, ஒன்றில் வெறும் தண்ணீர். வரப்பில் ஒரு நோட்டு. தேதி, அளவு, நோய் எத்தனை தூரில், கூலி எவ்வளவு, பருப்பு இடித்தவருக்குச் சேர வேண்டிய சம்பளம் உட்பட. மூன்று சம்பா இப்படி எழுதினால் போதும். இதை ஒரு பெரிய அதிகாரியிடம் யாராவது சொல்லிப் பார்க்கட்டும், பதில் எனக்கு இப்போதே தெரியும்.

“அருமையான யோசனை சார். இதுக்குன்னு தனி நிதித் தலைப்பு இல்லை, அதுதான் சிக்கல். ஒண்ணு செய்யலாம். அடுத்த மாசம் நம்ம கருத்தரங்கு இருக்கு, வந்து அரை மணி நேரம் பேசிட்டுப் போங்க. சாப்பாடு ஏ-ஒன்னா இருக்கும், செட்டிநாட்டுச் சமையல். பொன்னாடையும் உண்டு.”